சனிக்கிழமை ஓட்டம்

சாலோமி: மோட்டார் வண்டித் தண்ணி மூடியைத் தொடாதீயன்னு கத்தினேன்லா? கேட்டீயளா? இப்ப கையைச் சுட்டுக்கிட்டு நிக்கீய.

தேவசிகாமணி: சுடல… லேசா ஆவி அடிச்சிட்டு.

சாலோமி: ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குத டாக்டரு. இங்கன நீட்டுங்க கையை.

தேவசிகாமணி: ஒண்ணுமில்லட்டி. தண்ணி கொதிச்சு வத்திப்போச்சு, அவ்வளவுதான். ஆறவிட்டு வேற தண்ணி ஊத்தினா கெளம்பிரும்.

சாலோமி: தண்ணி மட்டுமா? இட்டமொழி தாண்டினதுல இருந்து உள்ள லொடக்கு லொடக்குன்னு ஒண்ணு அடிச்சுக்கிட்டே வருது.

தேவசிகாமணி: பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கும்.

சாலோமி: பழசுன்னு தெரியுதுல்லா? பின்ன எதுக்கு அதைப் போட்டு இந்த வெரட்டு வெரட்டுதீய?

தேவசிகாமணி: வெரட்டினாத்தான் அதுக்கு நல்லது. கொட்டகையில சும்மா கெடந்தா உள்ள பிசுக்குப் புடிக்கும், கரி அடையும். தூரமா ஓடணும், வேகமா ஓடணும். சூட்டுல கரியெல்லாம் எரிஞ்சு வெளிய போயிரும். தூத்துக்குடித் துரை விக்கும்போதே சொன்னான்.

சாலோமி: அந்தத் துரை சொன்னான், துரை சொன்னான்னு… வயசானவுக உங்ககிட்ட வந்தா 'பைய நட, மூச்சு வாங்கக்கூடாது'ன்னு தானே சொல்லுதீய? இதுக்கு மட்டும் என்ன வேற வைத்தியம்?

தேவசிகாமணி: இது பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டிட்டி. பந்தயக் குதிரையக் கொண்டுபோய் ஜட்காவுல பூட்டினா அதுக்கு நோக்காடு வராதா?

சாலோமி: துரை ஓடவிட்டு, அலுத்துப்போய்த் தள்ளிவிட்டு, அதுக்குப் பொறவு நம்மகிட்ட வந்திருக்கு. கெழட்டுக் குதிரை. மூச்சு வாங்குத சத்தம் எனக்கே கேக்கு.

தேவசிகாமணி: இன்னும் கொஞ்ச தூரந்தான். திசையன்விளை போய்ச் சேந்துட்டா, இதோட மூச்சு நேசையா அண்ணாச்சி பாடு.

சாலோமி: வித்துத்தான் ஆகணுமா?

தேவசிகாமணி: அண்ணாச்சி வெத்தலபாக்கோட வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. கருப்பட்டியில நல்ல சம்பாத்தியம். மகனுக்கு மோட்டார் ஆசை. வித்துட்டு சாயந்திரம் அவரு வில்வண்டியில வீடு போய்ச் சேருவோம்.

சாலோமி: அத்தைக்குச் சந்தோசமா இருக்கும்.

தேவசிகாமணி: அம்மைக்கு மொத நாள்ல இருந்தே இதக் கண்டா ஆகாது.

சாலோமி: 'ரெண்டு பேரு உக்காருத வண்டியா வாங்கியிருக்க? அப்ப நான் எங்கலே உக்காருதது, கூரையிலயா?'ன்னு கேட்டாவல்லா… கூரையும் கெடையாதுன்னு நீங்க சொன்னீய.

தேவசிகாமணி: சிரிக்காதட்டி. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு போடல.

சாலோமி: நான் போட்டேன். அடுக்களையில வச்சு.

தேவசிகாமணி: ஆமா… நீ போட்ட. அன்னா பாரு, பனைக்குள்ள இருந்து ஒரு பொம்பள பானையோட வாறா. எம்மா! ஏம்மா! கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?

சுடலைவடிவு: தண்ணியா? யாருக்கு, ஐயாவுக்கா வண்டிக்கா?

தேவசிகாமணி: மொதல்ல வண்டிக்கு.

சுடலைவடிவு: நல்ல கூத்து! இதுக்கும் தாகம் எடுக்குமா? வைக்கோல் வேணுமா? புண்ணாக்கு?

சாலோமி: ஒம் பேரென்ன?

சுடலைவடிவு: சுடலைவடிவும்மா. ஐயா பாளையங்கோட்டை டாக்டரு தானே? எங்க மதினிக்கு வயித்துக் கட்டிக்கு மருந்து குடுத்தது ஐயாதான். இந்தாங்க, தாராளமா ஊத்துங்க, கெணறு பக்கந்தான்… ஆமா, இந்த வண்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கனயாவது ஓடுமே. எங்க ஆளுவ நாங்குநேரிச் சந்தையில பாத்துட்டு வந்து சொல்லுவாவ. பொண்டாட்டிய முன்னால உக்கார வச்சு ஒரு டாக்டரு பறக்காருன்னு.

தேவசிகாமணி: பறக்கதுக்கு இல்லம்மா. இஞ்சினுக்கு வைத்தியம். எண்ணெய்ப் பம்பை அடிக்க ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். மாரிக்கண்ணுன்னு ஒருத்தன் இருந்தான், பயந்து ஓடிட்டான். அதான் இவ வாறா.

சுடலைவடிவு: வைத்தியமா… சரி. எம்மா, உள்ள என்ன வச்சிருக்கீய? முறுக்கு சுடுத வாசம் வருது!

சாலோமி: முறுக்கா? இங்க ஏது முறுக்கு…

சுடலைவடிவு: நெசமாத்தான். நல்லெண்ணெய் காயுத மணம். இந்தப் பொகையில இருந்துதான் வருது. ஐயா, உங்களுக்கு அடிக்கலியா?

தேவசிகாமணி: எனக்குச் சளி. ஒண்ணும் தெரியல… பானைய எடுத்துக்கோம்மா. ரொம்ப நல்லாயிருப்ப. மதினிய இன்னொரு தடவ வந்து காட்டச் சொல்லு.

சுடலைவடிவு: வாறேன் ஐயா. வாறேம்மா. பசிக்க வச்சிட்டீயளே… முறுக்கு வாசத்தக் காட்டி!

தேவசிகாமணி: அவ போயிட்டா. ஏறு. நான் கைப்பிடியச் சுத்திக் கெளப்புதேன்.

சாலோமி: உங்களுக்கு எப்ப சளி புடிச்சுது?

தேவசிகாமணி: வெயிலு ஏறுது, சாலோமி. அண்ணாச்சி காத்துக்கிட்டு இருப்பாரு.

சாலோமி: காலையில முகம் கழுவும்போது நல்லாத்தான இருந்தீய. இங்க பாருங்க… என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

தேவசிகாமணி: என்னத்தச் சொல்ல? வண்டி போகப்போகுது. போன பொறவு எதுவும் பேச வேண்டாம்.

சாலோமி: நான் பேசணும். இத வித்துட்டு வந்துட்டா என்னால பேச முடியாது… நெஞ்சுக்குள்ளயே கெடந்து அழுகிப்போயிரும்.

தேவசிகாமணி: அழாதட்டி. யாராவது பாத்தா…

சாலோமி: நான்தான் ஊத்தினேன்.

தேவசிகாமணி: சரி.

சாலோமி: என்ன சரி? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன பொறவு, வண்டியோட எண்ணெய் டப்பாவுல ஒரு கரண்டி நல்லெண்ணெய். உங்க சனிக்கிழமைத் தலைக்குளியலுக்கு வச்சிருக்கதுல இருந்துதான் எடுத்தேன்.

தேவசிகாமணி: அதான் எந்தலை இப்படிக் காஞ்சு கெடக்கா?

சாலோமி: வெளையாடாதீய! இஞ்சின் இருமும், பொகையும், திக்கும். வாராவாரம் நான்தான் அதுக்கு நோக்காடு குடுத்தேன். பாவம், வாயில்லாத வண்டி… அது உள்ள அடிக்கிதுல்லா, லொடக்கு லொடக்குன்னு? அது நான் செஞ்ச பாவம்.

தேவசிகாமணி: எனக்குத் தெரியும், சாலோமி.

சாலோமி: …என்னது?

தேவசிகாமணி: நீ ஊத்தின மொத வாரமே தெரியும். பாளையங்கோட்டையில கெளம்பி ஆத்துப் பாலம் வாறதுக்குள்ள வாசம் வந்துட்டு. நல்லெண்ணெய் வாசம் தெரியாமலா இருப்பேன்? அம்மை கையால அம்புட்டு முறுக்கு தின்னவன்.

சாலோமி: தெரிஞ்சா ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாது? திட்டியிருக்கக்கூடாது?

தேவசிகாமணி: எதுக்குத் திட்ட? உனக்குப் புடிக்கல. நான்தான் புரியாம உன்னப் போட்டு இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். தூசி, வெயிலு, இடுப்பு வலி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மை முன்னால, 'நான் வரல, எனக்குத் தலவலிக்கி, என்ன விட்டுருங்க'ன்னு கெஞ்சுவ. அதுக்குமேல என்ன செய்வ நீ? வண்டி கெட்டுப்போனா இந்தத் தொல்லை விட்டுதுன்னு ஊத்தியிருக்க. அப்பத்தான் முடிவு பண்ணேன், வித்துருவோம்னு. உன்னக் கேட்டு நோகடிக்க வேண்டாம்னுதான் சும்மா இருந்தேன்.

சாலோமி: அட கர்த்தரே!

தேவசிகாமணி: கோவமில்லட்டி எனக்கு. நெசமா.

சாலோமி: நீங்க படிச்சதெல்லாம் என்ன படிப்பு? அத்தை முன்னால நின்னுகிட்டு, 'ஆமா, போவோம், இப்பவே போவோம்'னு குதிக்கவா சொல்லுதீய? மருமவ வேண்டாம் வேண்டாம்னு சொல்லத்தான் செய்வா! அத்தை 'போய்ட்டு வாட்டி, ஆம்பள கூப்பிடுதான்லா'ன்னு சொல்லணும். அப்பத்தான் நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்து ஏறணும். அதுதான முறை!

தேவசிகாமணி: அப்ப… தலவலி?

சாலோமி: ஒரு நாள்கூட வலிச்சது கெடையாது.

தேவசிகாமணி: பின்ன எண்ணெய் எதுக்கு?

சாலோமி: ஈஸ்டர் கழிஞ்சு அத்தை சொன்னாவல்லா? 'இஞ்சின் இப்ப நல்லா ஓடுதே, கரியெல்லாம் போயிட்டே, இனிமே எதுக்குலே வாராவாரம் ஊர் சுத்துதது'ன்னு. நீங்களும் 'ஆமா'ன்னு தலைய ஆட்டினீய. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. நல்லா இருந்தாத்தான வைத்தியம் வேண்டாம்பாவ… அதான் நோக்காடு வரட்டும்னு ஊத்தினேன்.

தேவசிகாமணி: சாலோமி…

சாலோமி: வீட்டுல உங்களோட எங்கன பேசட்டும்? முன்னால நோயாளிய. உள்ள அத்தை, நாத்தனா, வந்தவுக, போனவுக. குசுகுசுன்னு ரெண்டு வார்த்த பேசினா, 'என்னட்டி ரகசியம்'பாவ. இதுல ஏறினாத்தான் வாய் விட்டுப் பேசுதேன். கீர்த்தனை பாடுதேன். மணப்பாடு ஊருக்குக் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டினீய… எனக்குக் கடலவிட நீங்க பக்கத்துல நின்னதுதான் பெருசா இருந்துது. இதத் தூக்கி அண்ணாச்சி மகனுக்குக் குடுக்கப்போறீய.

தேவசிகாமணி: அந்தத் துரை இருக்கான்லா…

சாலோமி: இப்பவும் துரையா!

தேவசிகாமணி: கேளு. தூரமா ஓட்டு, வேகமா ஓட்டுன்னு அவன் சொல்லல. 'இஞ்சின் தேஞ்சுபோச்சு டாக்டர், ஊருக்குள்ளயே பைய வச்சு ஓட்டு, தாண்டினா தாங்காது'ன்னுதான் சொன்னான்.

சாலோமி: அப்ப கரி… பிசுக்கு… பந்தயக் குதிரை?

தேவசிகாமணி: எல்லாம் நான் கெட்டின கதை. பொண்டாட்டிய வெளிய கூட்டிட்டுப் போறேன்னா அம்மை விடுவாளா? வைத்தியம்னா விடுவா. டாக்டர் மகன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனப்பா.

சாலோமி: எம்மா! நோக்காடு குடுத்தது நானு, தப்பான மருந்து குடுத்தது நீங்க. நடுவுல இந்த வண்டி கெடந்து சாவுது.

தேவசிகாமணி: ஆமா. கொன்னுட்டோம், ரெண்டு பேருமா.

சாலோமி: சிரிக்காதீய… எனக்கும் சிரிப்பு வருது. சரி, கூட்டிட்டுப் போகணும்னா பைய கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா? எதுக்கு இந்த வேகம்? நீங்க ஜட்காவுல ஏறினாக்கூட 'பைய, பைய'ம்பீய. வேகம் உங்களுக்கு ஆகவே ஆகாதே.

தேவசிகாமணி: அதக் கேக்காத.

சாலோமி: நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

தேவசிகாமணி: நாங்குநேரி ஏத்தம் ஞாபகம் இருக்கா? மொத ஓட்டத்துல. இஞ்சின் போட்ட சத்தத்துல காதே அடைச்சுது.

சாலோமி: …இருக்கு.

தேவசிகாமணி: எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுத்தான் சொன்ன. இத்தன வருஷத்துல நீ வாயத் தொறந்து சொன்னதே கெடையாது, 'இங்க பாருங்க', 'ஏங்க', அவ்வளவுதான். அன்னைக்கு என் பேரச் சொல்லிக் கூப்பிட்ட. முழுப் பேரையும்.

சாலோமி: கேட்டுதா உங்களுக்கு!

தேவசிகாமணி: கேட்டுது. மறுபடியும் கூப்பிடுவியான்னுதான் வாராவாரம் அந்தச் சத்தம் வருத மாதிரி வெரட்டினேன். நீ கூப்பிடவே இல்ல. அதுக்குமேல நல்லெண்ணெய் வாசமும் வந்துதா… உனக்குப் புடிக்கலன்னு நெனச்சிட்டேன்.

சாலோமி: வண்டியத் திருப்புங்க. அண்ணாச்சிக்கு ஆள்விட்டுச் சொல்லிக்கிடலாம். பைய ஓட்டுங்க, அதுக்கு வலிக்காம… சத்தமே இல்லாட்டியும் நான் கூப்பிடுதேன், தேவசிகாமணி.