ஞாயிற்றுக்கிழமை வருகிற அதிகாரி

சுந்தரராஜ்: ...அப்ப நான் ஒங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே வாரதில்ல?

ஞானசௌந்தரி: எப்பவாச்சும் வருவாங்கன்னுதான் சொன்னேன் சார்.

சுந்தரராஜ்: மாவட்டக் கல்வி அலுவலரா நான் எப்படி வேல பாக்கேன்னு மார்க் போட சென்னையிலேருந்து ஆள் வந்திருக்காரு. மத்த ஹெச்.எம். எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருக்காவ. நீங்க மட்டும்...

ஞானசௌந்தரி: பொய் சொல்லச் சொல்லுதீங்களா?

சுந்தரராஜ்: பொய்யா! பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு கடக்கரையில நின்னு தொண்டத்தண்ணி வத்தப் பேசுனது யாரு டீச்சர்?

ஞானசௌந்தரி: அது ஞாயித்துக்கெழம. லீவு நாள். அவரு கேட்டது பள்ளிக்கூட நாள.

சுந்தரராஜ்: மத்த நாள்ல அப்பன்மாரெல்லாம் கடல்லல்லா கெடக்காவ. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சாத்தான் ஆள் அம்புடும். பெவின் அப்பாவ எத்தன தடவ கெஞ்சியிருப்பேன்...

ஞானசௌந்தரி: படிப்ப விட்டுட்டு மீன் பிடிக்க போட்டுக்குப் போனவன், இப்ப பிளஸ் டூ...

சுந்தரராஜ்: அதச் சொல்லியிருக்கலாம்லா?

ஞானசௌந்தரி: ...மறந்துட்டேன்.

சுந்தரராஜ்: யாரு, நீங்களா? போன வருசம் நான் போட்டிருந்த சட்டை கலரச் சொல்லுவீங்க.

ஞானசௌந்தரி: மெல்லப் பேசுங்க சார்... வெளிய பிள்ளைக நிக்கி.

சுந்தரராஜ்: நல்ல மார்க் வந்தா பதவி உயர்வு. சென்னைக்கு மாத்திருவாங்க. தெரியும்லா?

ஞானசௌந்தரி: தெரியும். ஒங்க மகளும் அங்கதான இருக்கா.

சுந்தரராஜ்: தெனம் கூப்பிடுதா. அம்மா போனதுக்கப்புறம் ஒத்தையில அங்கன என்ன செய்யுதீங்கப்பான்னு.

ஞானசௌந்தரி: ...வேணும்னா அந்தச் சென்னைக்காரருக்குப் போன் போடட்டா? சொல்ல விட்டுப்போச்சுன்னு.

சுந்தரராஜ்: ஏன் விட்டுப்போச்சு? மொதல்ல அதச் சொல்லுங்க.

ஞானசௌந்தரி: நல்ல அதிகாரின்னு சொன்னா ஒங்கள சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவாவல்லா. பூசை முடிஞ்சு கோயில் படியெறங்குனா, எதுத்தாப்புல ஒங்க பைக் நிக்கும்... அது நிக்காத ஒரு ஞாயித்துக்கெழமய நெனச்சுப் பாத்தேன் சார். முடியல. தப்புதான். இப்பவே போன் போடுதேன்.

சுந்தரராஜ்: வேண்டாம். வைங்க போன.

ஞானசௌந்தரி: ஏன் சார்?

சுந்தரராஜ்: என்கிட்டயும் கேட்டாரு. ஞாயித்துக்கெழமையானா கடக்கரைக்குப் போவீங்களாமே, என்ன வேலன்னு. மீன் வாங்கப் போவேன்னு சொல்லிட்டேன்.

ஞானசௌந்தரி: போட்டே போவாத நாள்ல மீன் ஏது சார்?

சுந்தரராஜ்: அது சென்னைக்காரருக்குத் தெரியாதுல்லா.