வான்குடைக்குப் பிடி கிடையாது

— ரெண்டு இறக்கைக்கு நடுவுல கொக்கி மாதிரி வளைஞ்சு தொங்குதே, அது என்ன மாப்ள?

— பிடி மாமா. குடைன்னா பிடி வேணாமா?

— குடையா!

— நீங்கதான போன்ல சொன்னீங்க? "கொடியில ரெண்டு இறக்கை, நடுவுல வான்குடை, மேல ஒரு நட்சத்திரம்"னு.

— வான்குடைன்னா பாராசூட்டுடா! நாங்க விமானத்துல இருந்து குதிக்கிற பட்டாளம். மழைக்கு ஒதுங்குற கூட்டம் இல்ல!

— அப்ப பாராசூட்டுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என்னைக்கும் இல்லாம அன்னைக்கு மட்டும் சுத்தமாப் பேசணுமா?

— படம் வேற அனுப்பினேனே!

— வந்துச்சு. கூடவே உங்க கட்டைவிரலும் வந்துச்சு. மேல பாதி குடை மாதிரிதான் தெரிஞ்சுது. விரல் மறைச்ச பாதியை நானே யோசிச்சுப் போட்டேன்.

— யோசிச்சானாம்! இன்னும் அரை மணி நேரத்துல புது கமாண்டர் மேடம் வந்து இதை ஏத்தணும். குதிக்கக் கத்துக்குடுக்கற பள்ளிக்கு முதல் கொடி! ஊர்ல இத்தனை டெய்லர் இருக்க, "என் பொண்டாட்டி தம்பி, கை தங்கம்"னு நான் தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன்.

— கை தங்கம்தான் மாமா. பாருங்க, ஒரு நூல் பிசிறு இருக்கா?

— சிரிக்காத.

— நான் எங்க சிரிச்சேன்? நீங்கதான் சிரிக்கிறீங்க.

— அழுகைடா இது, இப்படி வருது. பிளேடை எடு. பிடியை மட்டும் பிரிச்சிரலாம்.

— பிரிச்சா துணியில ஓட்டை ஓட்டையாத் தெரியும்.

— தெரியட்டும். சண்டையில தோட்டா பட்டதுன்னு சொல்லிக்கலாம்.

— பள்ளியே இன்னைக்குத்தான மாமா திறக்குது?

— பேசாமப் பிரி! ... இரு, இரு. சட்டைத் தோள்ல வைக்க முந்தாநாள் நாப்பது பேட்ஜ் தைச்சுக் குடுத்தியே, அதுல?

— அதுலயும் குடைதான். ஒரே டிசைன்தான கேட்டீங்க?

— ஐயையோ! நாப்பது பேரும் தோள்ல குடையோட மைதானத்துல நிக்கிறானுங்களா? ஒருத்தன் வாயத் திறக்கலியே!

— ஒருத்தர் கடைக்கு வந்து கேட்டாரு. "கொட்டுற மழையிலயும் குதிப்போம்னு அர்த்தம்"னு அடிச்சு விட்டேன். விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சிட்டுப் போனாரு.

— டேய்... வேணாண்டா... வயிறு வலிக்குதுடா...

— உள்ள வரலாமா?

— கமாண்டர் மேடம்! வணக்கம் மேடம்! ஒரு பத்தே நிமிஷம்...

— உங்க சிரிப்பு படிக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. முதுகுக்குப் பின்னால என்ன? விரிங்க அதை.

— தப்பு என்னோடது மேடம். நான்தான் சரியாச் சொல்லல. இவன் என் மச்சினன், நல்ல தொழில்காரன்.

— இல்ல மேடம், மாமா சரியாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் புரியல. சாயங்காலத்துக்குள்ள வேற தைச்சுக் குடுத்துடறேன்.

— இதை யாரு உங்களுக்குச் சொன்னது?

— எதை மேடம்?

— நிஜமாவே தெரியாதா?

— சத்தியமாத் தெரியாது மேடம்.

— ஏழு வயசுல எங்க வீட்டு மொட்டைமாடியில இருந்து முதல் தடவையா குதிச்சேன். முன்பல்லு ரெண்டும் போச்சு. அன்னைக்கு என் கையில இருந்தது இதேதான், பிடியோட. ஏத்துங்க கொடியை!