உப்பு கடிக்குது

ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் சார். ஜான்சன் செத்ததற்குக் காரணம் உப்புக் காற்றால் ஏற்பட்ட மின்கசிவு என்று உங்கள் ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்களாம். உப்புக் காற்று பாவம், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் பழி போடுவது சரியில்லை.

என் பெயர் செல்லப்பன், ஊர் பிரம்மதேசம். எலக்ட்ரீஷியன். குயிலாப்பாளையத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே மேடை விளக்குகளை வருஷா வருஷம் கழற்றி, எங்காவது கரண்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, தேறியதில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஊருக்கு வந்ததும் நானும் ஒரு மீட்டரும் ஒரு கட்டு ஸ்டிக்கரும் வாங்கிவிட்டேன். ஸ்டிக்கர் ஒட்டும்போது என் முகத்தைப் பார்த்தால் கலெக்டரே கையெழுத்துப் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மரக்காணம் பக்கம் இதற்கெல்லாம் மரியாதை கிடையாது. உப்பளத்தில் நிற்பவர்கள், கால் வெடிப்பில் உப்பு ஏறினால் “உப்பு கடிக்குது” என்பார்கள். விளக்கைத் தொட்டு விரல் சுரீரென்றாலும் அதே சொல்தான். “ஒண்ணுமில்லப்பா, உப்பு கடிக்குது.” கரண்ட் என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

ஜான்சன் உப்பள வேலையோடு லைட் செட்டும் வைத்திருந்தார். எல்லாம் தகர உடம்பு கொண்ட பழைய விளக்குகள். மாதா கோயில் திருவிழா நாடகத்துக்கு விளக்கு அவருடையது, ஒயரிங் என்னுடையது. நான் ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்ததும் அவர் வந்து ஒரு விளக்கைப் பிடித்துக்கொள்வார். கண்ணைச் செருகி, உடம்பை உதறி, “ஐயோ செல்லப்பா, உன் ஸ்டிக்கரு ஷாக் அடிக்குதுடா” என்பார். ஊரே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் இன்னொரு முறை செய்து காட்டுவார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. தலை நரைத்த ஆள், ஒரு தகர விளக்கை நினைத்துக் குப்புறப் படுத்து அழுதிருக்கிறேன். இதை மட்டும் எழுதாதீர்கள் சார், மற்றதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் முன்பக்க விளக்கு தேறவில்லை. உள்ளே ஒயரின் மேல்தோல் வெந்து உதிர்ந்து, விளக்கின் உடம்பிலேயே கரண்ட் ஏறியிருந்தது. போட்டதும் டிரிப் சுவிட்ச் விழுந்தது. கசிவு இருந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. இந்த விளக்கை ஓரமாக வைத்துவிடலாம் என்றேன்.

“டேய், உப்பு கடிச்சதுக்கா சுவிட்சு விழுவுது? அந்தக் கருமத்தத் தூக்கிட்டு டைரக்ட்டா குடு” என்றார் ஜான்சன்.

அவர் மனைவி மேரிசெல்விக்கு மனசு கேட்கவில்லை. “என்னங்க, அண்ணன் அவ்ளோ சொல்றாரு இல்ல? வேற லைட்டு வெச்சிக்கலாமே.”

“உங்க அண்ணன் ஸ்டிக்கர் ஒட்டத்தான் லாயக்கு.”

இதே மாதிரி முன்பு கேட்டபோதெல்லாம் முடியாது என்று நின்றவன் நான். இந்த முறை “சரிங்க” என்றேன். யோசித்துப் பாருங்கள், அவர் கேட்டதைத்தான் செய்தேன். டிரிப் சுவிட்சைத் தாண்டி நேராக லைன் கொடுத்தேன். பிறகு விளக்கின் எர்த் ஒயரை வெட்டினேன். அது இருந்தால் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் ஓடிவிடும், மனுஷனுக்கு மிஞ்சாது. அதை வெட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. பச்சை ஸ்டிக்கரும் அவர் கேட்கவில்லை. கோணாமல் ஒட்டினேன்.

என் நோக்கம் நல்லதுதான் சார். அவருக்கு ஒரே ஒரு தடவை நிஜமாகச் சுரீரென்றால் ஊருக்குப் புத்தி வரும். விளக்குகளைச் சோதிப்பார்கள், நாலு உயிர் பிழைக்கும். மெயின் சுவிட்ச் என் பக்கத்திலேயே இருந்தது. அவர் தொட்டதும் அணைத்துவிடலாம்.

சாயங்காலம் மேடைக்கு முன்னால் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்தார்கள். நனைந்த உப்பு மண்ணில் ஜான்சன் வெறுங்காலோடு வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழக்கம்போல இரண்டு கையாலும் விளக்கைப் பிடித்தார். இந்த முறை வசனம் வரவில்லை. உடம்பு மட்டும் உதறியது. ஊர் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். மேரிசெல்வியும் சிரித்தபடி, “போதுங்க, நாடகம் ஆரம்பிக்கட்டும்” என்றார். கரண்ட் பிடித்தால் கையை விட முடியாது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் உறைத்தது. பழக்கதோஷம், நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

ஏன் அணைக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அணைக்கத்தான் சுவிட்சில் கை வைத்தேன். ஆனால் அவர் முகம் வேறு பக்கம் இருந்தது. ஒரு தடவை என் பக்கம் திரும்பி, நீ சொன்னது சரிதான்டா என்பது போல ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், உடனே அணைத்திருப்பேன். அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை திரும்பவே இல்லை சார். அவ்வளவு வீம்பு அந்த மனுஷனுக்கு.