நாலு விளக்கும் எரிந்த பேட்டரி

— என்ன சத்தம் அது, மௌதின்? வீடு விழுந்துருச்சா? என் மானிட்டர்ல ஒரே இருட்டு.

— விழுந்துருச்சு, மொரேனிகே அக்கா. கேமரா பேட்டரி போயிருச்சு.

— எப்ப?

— புல்டோசர் வீட்டோட பலகைச் சுவரைத் தொட்டதும்.

— தொட்டதும். நேரம் பார்த்துச் சாகத் தெரிஞ்ச பேட்டரி. மூணு மாசம் லேகோஸ் பூரா அலைஞ்சு, ஒரு குடியிருப்பை நிஜமாவே இடிக்கிற நாள் பார்த்து, என் படத்தோட கடைசிக் காட்சியை எடுக்க வந்தேன். இப்ப என்ன, வீட்டைத் திரும்ப நிமிர்த்தி வச்சு இன்னொரு டேக் போகலாமா?

— வெயில், அக்கா. சூடேறினா சீக்கிரம் எறங்கும்.

— கேமராவுக்குத்தான் குடை பிடிச்சிருந்துச்சு. வெயில்ல நின்னது நான்.

— பழைய சரக்கு. வாடகைக் கடைக்காரன் தலையில கட்டிட்டான்.

— அவன் சின்னதுதான் குடுத்தான். தொண்ணூத்தெட்டு வாட்-ஹவர், போதும்னான். போதாதுன்னு கடை வாசல்ல நின்னு அடம் பிடிச்சது யாரு? ‘கேமரா அறுபது வாட் குடிக்கும். உங்க மானிட்டரும், அதுக்குப் படம் அனுப்புற பெட்டியும் சேர்ந்து முப்பது. சின்னது ஒரு மணி நேரத்துல நாக்குத் தள்ளிரும். நூத்தம்பது எடுங்க, பழசுன்னு கழிச்சாலும் ஒண்ணே கால் மணி நேரம் நிக்கும்.’ வாத்தியார் மாதிரி சொன்னே. நானும் தலையாட்டினேன்.

— கணக்கு ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு.

— சரி. இதை எப்ப மாட்டினே?

— காலைலயே இருக்கும். ஞாபகம் இல்ல.

— ஒவ்வொரு பேட்டரி முதுகுலயும் டேப் ஒட்டி, மாட்டின நேரம் எழுதுற ஆளு நீ. அதை இப்படித் திருப்பு. கையை எடு. பத்து நாப்பது, உன் கோழிக் கிறுக்கல்தான். இப்ப மணி என்ன?

— பார்க்கல.

— நான் பார்த்தேன். பத்து அம்பத்தஞ்சு. ஒண்ணே கால் மணி நேரத்துப் பேட்டரி கால் மணி நேரத்துல செத்துருச்சா?

— உள்ள செல் ஏதாவது போயிருக்கும்.

— இந்தப் பொத்தானை அழுத்தினா மிச்சம் தெரியும்னு நீதானே காட்டிக் குடுத்தே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு விளக்கும் எரியுது, மௌதின். பொணம் கண்ணடிக்குது.

— அப்ப கழண்டிருக்கும்.

— தானாவா? கட்டைவிரலால பூட்டை அழுத்திக்கிட்டே பேட்டரியை மேல தூக்கணும். அதுல நான் நகத்தை உடைச்சுக்கிட்டவ, எனக்குத் தெரியாதா? யாரு சொல்லிச் செஞ்சே? நிலத்துக்காரன் ஆளா? இடிக்கிறது படத்துல வரக் கூடாதுன்னானா?

— வார்த்தையை அளந்து பேசுங்க, அக்கா.

— இந்த நகரத்துல இனிமே உன் கையில எவன் கேமரா குடுக்கிறான்னு பார்க்கிறேன். காலைல இருந்தே நீ சரியில்ல. இந்த வீட்டு வரிசை வேண்டாம், சர்ச் பக்கம் வெளிச்சம் நல்லாருக்குன்னு ரெண்டு தடவை இழுத்தே. இங்க இருக்கிற பொம்பளைங்ககிட்ட அவங்க எகுன் பாஷைல கொஞ்சிக்கிட்டு நின்னே. பதாக்ரி ஊர்க்காரன்னு சொன்னியே, அந்தப் பக்கத்துப் பாஷை வரும்னு விட்டேன். நம்ம யூனிட் சோத்தை ஒதுக்கிட்டு அவங்க குடுத்த சுட்ட மீனைத் தின்னே. ஒரு மீனுக்கா இவ்வளவு விசுவாசம்?

— இந்த வரிசையை இடிக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணைன்னு சொல்லியிருந்தாங்க. அதை நம்பித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

— அதுல உனக்கென்ன? ஒரு அம்மா மார்ல அடிச்சுக்கிட்டு புல்டோசர் முன்னால ஓடி வந்துச்சு. ‘கிட்ட இழு, முகம் மட்டும் வேணும், இந்த அழுகையை எந்த நடிகையும் தர மாட்டா’ன்னு உன் காதுக்குள்ள கத்தினேன். கேட்டுச்சா, இல்லையா?

— கேட்டுச்சு. இழுத்தேன். முகம் முழுசா வந்துச்சு. அப்புறம்தான் பூட்டை அழுத்தினேன்.

— ஏன்டா?

— அந்த மீனைச் சுட்டு எனக்குன்னு எடுத்து வச்சிருந்தது அவங்கதான், அக்கா. எங்க அம்மா.