போடாத மூடி

வாஷ்பேசினைக் கழற்றுவது பெரிய வித்தையில்லை, இன்ஸ்பெக்டர். தண்ணீரை அடைத்துவிட்டு, கீழே ஒரு வாளியை வைத்து, நட்டுகளைத் திருகினால் கையோடு வந்துவிடும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்தான் அடம்பிடிக்கும். உள்ளே தேங்கிய தண்ணீர் மையாய்க் கொட்டும். ஆனாலும் குளியலறைச் சுவரில் ஓடு ஒட்டுவதற்கு முன் இரண்டையும் எடுத்தாக வேண்டும். அவற்றைச் சுற்றி வெட்டி ஒட்டினால் காலத்துக்கும் கண்ணை உறுத்தும். இந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் பாதி வீட்டுக்குக் குழாய்ச் சாமான் விற்றவள் நான்.

பக்கத்து வீட்டு டிலிஸ் வேலி வழியாகக் கிண்டலடித்தாள். "ஏன்க்கா, ஒரு ஆளைக் கூப்பிடக் கூடாதா? இடுப்பு பிடிச்சுக்கப் போகுது."

"பிடிச்சா சொல்றேன், நீ வந்து தைலம் தேய்ச்சு விடு" என்றேன். நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் எம்ரிஸுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து முன்னறையில்தான் படுக்கை, குளியலறைக்கு நேர் கீழே. நினைவு பின்னால் போய்விட்டது. என்னை நெஸ்டா என்று கூப்பிட்டார். எனக்கு முன்னால் அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண் அவள். வேறொருவனோடு கார்டிஃபுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள், நான் எலுனெட், உங்கள் மனைவி என்று திருத்தினேன். குழந்தை மாதிரி அழுதார். அப்புறம் திருத்தவில்லை.

"நெஸ்டா கண்ணு, உன் கை எவ்வளவு இதமா இருக்கு" என்பார். எலுனெட்டுக்கு இத்தனை வருடத்தில் கிடைத்ததெல்லாம் "டீ எங்க", "கதவைச் சாத்து" இவ்வளவுதான். இலையுதிர்காலம் முழுக்க நான் நெஸ்டாவாகவே இருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள், சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்தார். "மாடியில அந்தப் பச்சை பேசினைத் தூக்கி எறிஞ்சுடலாம். எலுனெட் வாங்குன கருமம். உனக்குப் பிடிச்ச மஞ்சள் ஓடு போடுவோம். அப்புறம் நீ இங்கயே வந்துடு."

"எலுனெட்டை என்ன பண்றது?"

"அவளா? அவ பாட்டுக்கு ஒரு மூலையில கிடப்பா. அவளுக்கு எதுவும் உறைக்காது."

அந்த பேசின் நான் கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டு வாங்கியது. கழற்றித் தரையில் வைத்ததும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்த பிறகுதான் ரேடியேட்டர் பக்கம் போனேன்.

அதன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் மூடிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். அறை உறையும் அளவுக்குக் குளிர்ந்தால், குழாய் வெடிக்காமலிருக்க அந்த வால்வு தானாகவே திறந்துகொள்ளும். அதனால்தான் ரேடியேட்டரை எடுத்ததும் குழாய் வாயில் ஒரு பித்தளை மூடியைத் திருக வேண்டும். "மூடி போட மறந்துட்டீங்களாம்மா?" என்று நேற்று எவ்வளவு இரக்கமாகக் கேட்டீர்கள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்யும் தவறுதான். கடையில் அந்த மூடியை விற்கும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

நான் மறக்கவில்லை. மூடி என் ஏப்ரன் பையில் இருந்தது. பனி கொட்டும் என்று ரேடியோவில் சொன்ன சாயங்காலம், குளியலறை ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் முதலில் சொட்டியது. பரணில் இருக்கும் தொட்டி நிரப்ப நிரப்ப நிற்காமல் வந்தது. பிறகு முன்னறைக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. வீட்டில் இருந்த சூடெல்லாம் போய்விட்டது. நனைந்த படுக்கையிலிருந்து அவரால் நகர முடியாது.

"நெஸ்டா" என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. எலுனெட்டுக்குத்தான் எதுவும் உறைக்காதே.

வெகுநேரம் கழித்து, குரல் தேய்ந்தபோது, "எலுனெட், குளிருதும்மா. எங்க இருக்க கண்ணு? வாயேன்" என்றார்.

கதவுப் பிடி வரை என் கை போனது, இன்ஸ்பெக்டர். அவர் கூப்பிடுவது நெஸ்டாவைத்தான், பாவம் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.