கிழங்கைத் தவிர வேறில்லை

— பொய் சொல்லாதீங்க கொத்தனாரே. வியாழக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?

— உருளைக்கிழங்கு, சிஸ்டர்.

— வேற?

— காலையில அவிச்சது, ராத்திரி மசிச்சது. முப்பத்தெட்டு நாளா வேற எதைக் கண்ணுல காட்டினீங்க?

— சிரிக்காதீங்க. வியாழக்கிழமை எடுத்த ரெண்டு பாட்டில் சிறுநீர்ல ஒண்ணுல புரதக் கழிவு ரெண்டு மடங்கு ஏறிக் கிடக்கு. வெறும் கிழங்கு தின்னா அப்படி ஏறாது.

— பாட்டில்ல என் பேர் இருந்துச்சா?

— ஐஸ்ல நனைஞ்சு ரெண்டு லேபிளும் உரிஞ்சுபோச்சு. இந்தச் சோதனையில இருக்கறது ரெண்டே பேர், நீங்களும் நம்ம டாக்டரும். சட்டம் போட்டவரே மீறுவாரா?

— அப்ப கிழங்கும் நான் தின்னணும், பழியும் நான் சுமக்கணும்!

— இன்னும் நாலே நாள். கிழங்குல புரதம் கொஞ்சம்தான், ஆனா நல்ல புரதம். வயிறு முட்ட அதையே தின்னா உடம்பு தாக்குப்பிடிக்குமான்னு ஒரு பதில் கிடைச்சிருக்கும். எல்லாம் பாழ்.

— தாக்குப்பிடிச்சேனே சிஸ்டர்! காலையில நீங்கதானே எடை பார்த்தீங்க, ஒரு கிலோ இறங்குச்சா? உங்க ஆஸ்பத்திரி மதில்சுவரு தினமும் எழும்புதே, தானாவா எழும்புது? சித்தாளுங்க எனக்குக் ‘கிழங்கு மாமா’ன்னு பேரே வச்சிட்டாங்க.

— அதான் எனக்கு வயித்தெரிச்சல். உங்களை மலைபோல நம்பினேன்.

— என்னங்க, சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேக்குது?

— வாடி. உன் புருஷன் நான் திருட்டுத்தனமா தின்னுட்டேனாம், சிஸ்டர் சொல்றாங்க.

— நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. வியாழக்கிழமை வந்தீங்களே, கையில என்ன இருந்துச்சு?

— அது... வறுத்த மீன். ஒரு டப்பா.

— அடிப்பாவி! என்னை மாட்டிவிட்டுட்டியே!

— வெறும் மாவுச்சத்து உடம்புல ஒட்டுமா? நீங்க படுத்துட்டா உங்களை யாரு தூக்கறது, நானா?

— பார்த்தீங்களா கொத்தனாரே, பூனைக்குட்டி வெளியில வந்துடுச்சு.

— சத்தியமா அந்த டப்பாவை நான் கண்ணால பார்க்கல, சிஸ்டர்!

— அவரு எங்க பார்த்தாரு? வாசல்லயே டாக்டர் புடிச்சிட்டாரு. சோதனையைக் கெடுக்கப் பாக்கறியான்னு திட்டி, டப்பாவைப் புடுங்கிட்டுப் போனாரு. சாயங்காலம் கழுவித் திருப்பிக் கொடுத்தாரு. உப்புதான் லேசா தூக்கல்னாரு.