ஒப்பீட்டுக்கு எடுத்த இரத்தம்

அன்று ஆய்வுகூடத்தில் நாங்கள் நாலு பேர். சன்னலோரக் கதிரையில் புஸ்பராணி, பக்கத்து வாங்கில் அவளுடைய புருஷன் ஆனந்தராசா, ஐஸ்பெட்டிக்கு அருகே முக்காலியில் உதவியாளர் லைலா, மேசைக்கு இந்தப் பக்கம் நான். இரண்டாயிரமாம் ஆண்டு, மாசி மாதம். துறைமுகத்திலிருந்து நல்ல காற்று வந்தது.

புஸ்பராணியின் தம்பி தசை கரைந்து பதினேழு வயதில் இறந்தவன். அந்த நோய் தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு வரும். தனக்குள் அந்தக் குறை உண்டா என்று அறிந்த பிறகுதான் பிள்ளை என்று அவள் தீர்மானித்திருந்தாள். கொழும்பில் சோதனை உண்டு. இரத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இரத்தத்திலிருந்து மரபணுவை எடுத்து, குழாய்க்குள்ளேயே புரதம் செய்விப்பார்கள். முழுப் புரதம் பாரமானது. ஜெல் என்ற பசைத் தட்டில் ஓடவிட்டால் மேலேயே கோடாக நிற்கும். அறுந்தது கீழே ஓடிவிடும். ஒப்பிட, நோயில்லாத ஒரு பெண்ணின் இரத்தமும் கூடப் போகவேண்டும். லைலா கையை நீட்டினாள்.

"சோமண்ணை, உங்களைத் தவிர ஆரை நம்புறது?" என்றாள் புஸ்பராணி.

"பயப்படாதை. இவன் ஐஸ்பெட்டியைப் பெண்சாதி மாதிரி மடியிலை வைச்சுக்கொண்டு போவான்," என்றான் ஆனந்தராசா.

எல்லோரும் சிரித்தோம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு மூன்று வருடம் முன்பு நான் புஸ்பராணிக்கு ஏழு கடிதங்கள் எழுதியிருந்தேன். திகதி, விலாசம், கையெழுத்து எல்லாம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடி. அப்போது எனக்குத் தோப்பூரில் வேலை. தினமும் பட்டினத்துக்குப் போய்வந்த ஆனந்தராசாவிடம்தான் கொடுத்தனுப்பினேன். அவர்களுடைய கலியாண வீட்டில், சால்வை எடுக்க அவனுடைய அலுமாரியைத் திறந்தபோது ஏழும் பிரிக்காமல் இருந்தன.

அவர்கள் போனபின் குழாய்களில் பெயர் ஒட்டினேன். புஸ்பராணியின் இரத்தத்தில் லைலாவின் பெயர். லைலாவின் இரத்தத்தில் புஸ்பராணியின் பெயர். கந்தளாய்ச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து கிளறினான். அப்போதும் ஐஸ் கரையாமல் பார்த்துக்கொண்டேன். பெட்டி மடியில்தான் இருந்தது.

புஸ்பராணிக்கு முழுப் புரதம் என்று முடிவு வந்தது. கூடவே ஒரு கடிதம்: ஒப்பீட்டுக்கு அனுப்பிய பெண்ணுக்கு அறுந்த புரதமும் தெரிகிறது, அவருக்கு உடனே அறிவிக்கவும். லைலாவுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே அறிவிக்கவில்லை.

அடுத்த வருடம் மகன் பிறந்தான். இப்போது ஐந்து வயது. நிலத்தில் இருந்து எழும்புவதற்குத் தன் தொடைகளையே பிடித்துப் பிடித்து ஏறுகிறான்.

போன கிழமை ஆனந்தராசா வந்தான். "ரிப்போட்டிலை ஒண்டுமில்லையெண்டு வந்ததுதானே. இது சத்துக் குறைவுதான், என்ன? ரெண்டாவதுக்கு யோசிக்கிறம் மச்சான்."

பொய் சொல்வது என் பழக்கமல்ல. கொழும்புக் கடிதத்தை எடுத்து, 'ஒப்பீட்டுக்கு அனுப்பிய பெண் நீங்கள்தான்' என்று கீழே ஒரு வரி எழுதினேன். உறையிலிட்டு ஒட்டி, மேலே புஸ்பராணி என்று எழுதி அவனிடம் நீட்டினேன்.

"உடைக்காமல் அவவிட்டைக் குடு."

"உன்ரை கடிதப் பைத்தியம் இன்னும் போகேல்லை," என்று சிரித்தபடி அதைச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

இந்த முறையும் அவன் கொடுக்காமல் விட்டால், வரப்போகும் பிள்ளைக்கு நான் பொறுப்பல்ல.